நூறு வோல்ற்றுக் கருவி

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, எதனைப் பற்றி எழுதுவதென்று யாம் சிறிது மயங்கினோம். ஆசிரியப் பெருமக்களின் அருமை பெருமைகளையும், விளையாட்டு மைதானத்து வெற்றிகளையும் எம்மினும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். யாமோ வாழ்நாள் முழுவதும் மின்சாரத்தோடு மாரடித்தவர். ஆகவே எமக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே ஒரு செய்தியைச் சொல்லத் துணிந்தோம். பழைய இசைக்கருவியொன்றின் மின்வழங்கியைச் செப்பனிட்ட கதை இது. அக்கருவி எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பருடையது. அவர் உயிரோடிருந்த காலத்தில் அதனை யாம் செப்பனிட்டுக் கொடுக்கவில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ளுகின்றோம்.

வெள்ளிக்கிழமைப் பூசையில் ஆர்மோனியத்தின் முன்னமர்ந்து தேவாரத்துக்குச் சுருதி கூட்டிய அம்மாணவரை 1970களின் முற்பகுதியிற் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பௌதிகவியலில் அவருக்கு வந்த புள்ளிகளைச் சொல்லாது விடுவதே நட்புக்கு அழகு. ஆயினும் இரும்புக் கேற்றைத் தட்டினால் எழும் ஓசை எத்தனை கட்டையென்று சொல்லும் காது அவருக்கு இருந்தது. படிப்பு முடிந்ததும் துறைமுகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். பகலிற் கப்பற் கணக்கு, இரவில் இசைக்குழு. திருமலையில் மெல்லிசைக்குப் பஞ்சமில்லாத காலம் அது.

1986ஆம் ஆண்டு உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலின் பொறியியலாளர், யப்பானிலே தமக்கென வாங்கிய இசைக்கருவியொன்றை விற்க விரும்பினார். நண்பர் தமது மோட்டார் சைக்கிளை விற்று அதனை வாங்கினார். றோலண்ட் கம்பனியாரின் ஜூனோ-106 என்னுஞ் சிந்தசைசர் அது, 1984இல் வெளிவந்தது. அறுபத்தொரு கட்டைகள்; ஒரே வேளையில் ஆறு குரல்கள்; தாமே அமைத்த தொனிகளைச் சேமித்துவைக்க 128 இடங்கள். அக்கம்பனியை 1972இல் ஒசாக்காவிலே தொடங்கிய இக்குத்தாரோ கக்கேகாசி என்பார் இளமையிற் கடிகாரமும் வானொலிப் பெட்டியும் திருத்திப் பிழைத்தவர் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாயிற்று. திருத்துபவன் ஆக்குபவனாவது எங்கள் தொழிலுக்குப் பெருமையன்றோ?

இக்கருவியின் இயல்பை இசையறிந்த அன்பர்களுக்கு ஓரிரு வார்த்தையிற் சொல்லவேண்டும். ஆர்மோனியத்திற் காற்று என்ன செய்கின்றதோ அதனைச் சிந்தசைசரில் வோல்ற்றளவு செய்கின்றது. அமெரிக்கரான றொபேட் மூக் 1964இல் அமைத்த கருவியில் ஒரு வோல்ற்றுக் கூடினால் சுரம் ஒரு தாயி ஏறும். பின்வந்தோர் பலரும் அவ்வழியையே பின்பற்றினர். ஒரு தாயிக்குப் பன்னிரண்டு அரைச்சுரங்கள். ஆகவே ஒரு வோல்ற்றின் பன்னிரண்டில் ஒரு பங்கு தவறினால் சட்சம் இருக்கவேண்டிய இடத்தில் சுத்த ரிடபம் வந்துவிடும். வானொலிப் பெட்டியில் மின்வழங்கி சற்றுத் தளர்ந்தால் ஒலி குறையும், அவ்வளவுதான். சிந்தசைசரிலோ மின்வழங்கியின் தளர்ச்சி இசையாகவே வெளிப்படும். ஜூனோவிற் சுரத்தின் உயரம் பளிங்குக் கடிகையொன்றின் துடிப்பை எண்ணிப் பிறப்பதனால் அது அவ்வளவு எளிதிற் பிசகாது. ஆயினும் தொனியின் நிறமும் ஓசையின் ஏற்றவிறக்கமும் வோல்ற்றளவுக்கே அடிமை.

நண்பர் அந்த 128 இடங்களிலுந் தமது உள்ளத்தைப் பெய்துவைத்தார். நாதசுரம் போன்ற ஒரு தொனியை அமைக்க இரண்டு மழைகாலங்கள் பிடித்தனவாம். கோணேசர் கோயில் மணியோசை ஒன்று. உட்துறைமுகத்துக் கப்பற் சங்கு ஒன்று. எந்த எண்ணில் எந்தத் தொனி என்பதை அப்பியாசக் கொப்பித்தாளில் எழுதிக் கருவியின் அடியில் ஒட்டியிருந்தார். இத்தொனிகளைக் கசற்றிலும் பதிந்துவைக்கலாம். அதற்கெனக் கருவியின் பின்புறத்தில் துளைகள் உண்டு. அவ்வாறு ஒரு கசற்றும் வைத்திருந்தார்.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லுவோம்; இம்மலரைப் படிப்போர் எல்லாரும் அறிந்தவையே. 1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபோது நண்பர் குடும்பத்தோடு படகேறி இந்தியா சென்றார். கருவியைப் பாயிற் சுற்றி அயலிலுள்ள முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். அப்பெரியவர் பன்னிரண்டு ஆண்டுகள் அதனைத் தமது பரணிற் காத்து, 2002 மாசியிற் போர்நிறுத்தம் வந்தபின் திரும்பிய நண்பரிடம் ஒரு கட்டையும் உடையாது கொடுத்தார். நினைவைக் காக்கும் மின்கலம் அப்போது ஓய்ந்துபோயிருந்தது. நண்பர் புதியதொன்றை வைப்பித்து, தம்மோடு இந்தியாவுக்குங் கொண்டுபோயிருந்த கசற்றிலிருந்து தொனிகளை மறுபடி ஏற்றிக்கொண்டார். அந்தக் கசற் 2004 மார்கழி 26ஆந் திகதி கடல் வீட்டினுட் புகுந்தபோது போய்விட்டது. கருவி அன்று மேட்டு நிலத்தில், ஓசில் பக்கத்து நண்பரொருவர் வீட்டில், ஒத்திகைக்காக வைக்கப்பட்டிருந்தமையால் தப்பிற்று.

அதற்கடுத்த ஆண்டில் வந்தது கேடு. யப்பான் நாட்டின் வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. கிழக்கே தோக்கியோ 50 சுற்றும், மேற்கே ஒசாக்கா 60 சுற்றுமாக ஒரே நாட்டுக்குள் இரு வகை மின்சாரம் ஓடுவதும் ஒரு வேடிக்கை; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நகரம் செருமனியிலிருந்தும் மற்றது அமெரிக்காவிலிருந்தும் பொறிகளை வாங்கியதன் விளைவு அது. எங்கள் நாட்டிலோ 230 வோல்ற்று. ஆதலால் நண்பர் எப்போதும் இறக்கு நிலைமாற்றி ஒன்றைக் கூடவே தூக்கித்திரிவார். ஒரு மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சியன்று ஒலிபெருக்கிக்காரப் பையன் அதனை அறியாது கருவியை நேரே சுவர்ப் பிளக்கிற் செருகிவிட்டான். ஓர் ஒலி, ஒரு புகை, பின்னர் மௌனம். திருத்துவோர் ஒருவரிடங் கொண்டுபோனார். அவர் மூன்று நாள் வைத்திருந்து, “போட் போய்விட்டது, இனிச் சரிவராது” என்று திருப்பிக் கொடுத்தார்.

நண்பர் அப்போது கொழும்பிலிருந்த எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “மச்சான், நீ ஒருக்காப் பார்த்தாச் சரிவரும்” என்றார். “தைப்பொங்கலுக்கு வாறன்” என்றோம். தைப்பொங்கலுக்குப் போகவில்லை. சித்திரைக்கு என்றோம். பின்னர் பாதைகள் மூடின. பாதைகள் திறந்தபின் எமக்கு வேறு வேலைகள் இருந்தன. நண்பர் 2013இல் மாரடைப்பாற் காலமானார். இறுதிக் கிரியைக்குப் போயிருந்தோம். முன்னறையின் மூலையில் வெள்ளைத் துணி போர்த்த நீண்ட பொருளொன்று இருந்ததைக் கண்டும் காணாதவர்போல் வந்துவிட்டோம்.

பத்தாண்டு கழித்து, 2023இல், ஓய்வுபெற்றுத் திருமலைக்குத் திரும்பிய எம்மை நண்பரின் மகள் தேடிவந்தார். அவர் பாடசாலையொன்றில் சங்கீத ஆசிரியை. “மாமா, அப்பாவின்ரை சாமானை ஆரோ விலைக்குக் கேட்கினம். பழுதெண்டாலும் பரவாயில்லையாம். குடுக்கிறதுக்கு முந்தி நீங்கள் ஒருக்காப் பாக்க வேணும்” என்றார். அவர் வேறொன்றுஞ் சொல்லவில்லை. யாம் அன்று மாலையே சென்றோம்.

உட்துறைமுக வீதியிலிருந்து சற்று உள்ளே அவர்கள் வீடு. யாம் போய்ச் சேர்ந்தபோது, உயர்தரம் படிக்கும் பேரன் துணியை நீக்கித் தூசு துடைத்து, கருவியின் வயரைக் கையிலெடுத்துச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். யாம் வாசலிலிருந்தே போட்ட கூச்சலில் அயல்வீட்டு நாயும் குரைத்தது.

“தம்பி, முதலிலை அதுக்குப் பின்னாலை என்ன எழுதியிருக்கெண்டு வாசி.”

அவன் குனிந்து வாசித்தான். “ஏசி 100 வோல்ற்று, தாத்தா.”

ஆளியைப் போட்டுப் பார்ப்பதே பரிசோதனை என்பது இளைஞர் பலரின் எண்ணம். பழுதான கருவியில் அது பரிசோதனையன்று. இருக்கும் சான்றுகளையும் எரித்துவிடும் செயல். இங்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. 128 தொனிகளும் ஒரு நாணயமளவு மின்கலத்தின் தயவில், அந்தப் பெட்டிக்குள் மட்டுமே, இருந்தாலிருக்கும். நினைவுச் சுற்றுக்கு 5 வோல்ற்று நிலையாக வரவேண்டும். தள்ளாடும் மின்வழங்கியோடு ஆளியைப் போட்டால், கருவி அரைமயக்கத்தில் நினைவின்மீதே எதையாவது எழுதிவிடக்கூடும். ஆகவே மின்வழங்கி சரியென்று ஐயமறத் தெரியும்வரை நினைவுப் பலகைக்கு ஒரு துளி மின்சாரமும் போகலாகாது.

எமது பௌதிகவியல் ஆசிரியர் ஆய்வுகூடத்தில் ஒரு கட்டளை வைத்திருந்தார். முதலில் மூக்கு, பின்பு கண், அதன்பின் மானி, கடைசியிற் கை. அவ்வொழுங்கிலேயே தொடங்கினோம். மூடியைத் திறந்து மூக்கை வைத்தபோது மீன் நாற்றம் அடித்தது. வற்றிக் கசிந்த மின்பகுபொருட் கொள்ளளவி மீன் நாறும் என்பது தொழிலறிந்தோர் அனுபவம். ஆனால் திருமலையில், அதுவும் கடலுக்கு இத்தனை அண்மையில், மீன் நாற்றத்தைக் கொண்டு ஒரு முடிவுக்கு வரலாமோ? சமையலறையிற் பாரைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மூக்கின் சாட்சியத்தை ஒத்திவைத்தோம்.

கண் உடனே பலன் தந்தது. உருகி இருக்கவேண்டிய பிடியில் கண்ணாடிக் குழாயைச் சுற்றிச் சிகரெற் பெட்டியின் வெள்ளித்தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது! அதனுள்ளே பழைய உருகி. உருகியின் கண்ணாடி ஒரு கடிதம் போன்றது, வாசிக்கத் தெரியவேண்டும். கம்பி நடுவில் மெல்ல அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், முதுமையாலோ சிறிது மிகையான ஓட்டத்தாலோ போயிற்று எனலாம். கண்ணாடி கறுத்து உட்புறம் வெள்ளி பூசியது போலிருந்தால், பெருவெள்ளம் பாய்ந்தது. உள்ளே எங்கோ குறுஞ்சுற்று உண்டு. இந்தக் கண்ணாடி கரிக்கட்டியாயிருந்தது. காவலாளி உயிர்கொடுத்து அறிவித்த செய்தியை வாசியாது, அவனிடத்தில் வெள்ளித்தாளை நிறுத்திவைத்த கையை யாம் என்னென்பது! அத்தாளும் எரியாதிருந்தது எங்கள் நல்லூழ். அவர் ஆளியைப் போட்டு, மணம் வந்தவுடன் நிறுத்தியிருக்கவேண்டும்.

நினைவு மின்கலத்தின்மேல் ஒட்டியிருந்த சிறு துண்டில் நண்பரின் கையெழுத்து: “2003 தை”. இருபது ஆண்டு! எம் தந்தையார் கப்பற்றளத்து மின்பகுதியில் வேலை செய்தவர். 1957இற் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துச் சென்றபின் நடந்த ஏலமொன்றில் அவர் வாங்கிய ஏவோமானி இன்னும் எம்மிடம் உண்டு. அம்பியர், வோல்ற்று, ஓம் என்பவற்றின் முதலெழுத்துக்களாற் பெயர்பெற்ற இம்மானியை, மூன்று கருவிகளைச் சுமந்து திரிய அலுத்த மக்காடி என்னும் அஞ்சற்பகுதிப் பொறியியலாளர் 1923இல் ஆக்கினார். செங்கல்லின் பாரம் உள்ளதாயினும் அதன் முள் பொய் சொன்னதில்லை. ஆனால் இவ்வேலைக்கு அது ஆகாது. அதன் சுருளே மின்கலத்திலிருந்து சிறிது குடிக்கும். ஆகையாற் பேரனின் மலிவான இலக்கமானியைக் கேட்டு வாங்கினோம். மானியின் ஊசி வழுக்கி இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் அந்தக் கணமே நினைவு அழியும். கை நடுங்கிற்று, வயதென்று சொல்லிக்கொண்டோம். 2.5 வோல்ற்று. புதிதில் 3. இத்தகைய நினைவுச் சுற்று 2 வோல்ற்று அளவுவரை தாக்குப்பிடிக்கும். அரை வோல்ற்று நம்பிக்கை மீந்திருந்தது. அதனை யாம் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்தது விளக்கு. இழை மின்குமிழ் ஒன்றை மின்வழியில் வரிசையாகத் தொடுத்து, அதனூடே கருவிக்கு மின் கொடுப்பது பழைய உபாயம். உள்ளே குறுஞ்சுற்று இருந்தால் குமிழ் முழு ஒளியோடு எரியும், கருவி தப்பும். குறையில்லையெனில் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். 60 உவாற்றுக் குமிழுக்கு எங்கே போவது? கடைக்காரரெல்லாம் எல்ஈடி குமிழையே நீட்டுகின்றார்கள். அஃது இதற்கு உதவாது. ஈற்றிற் கோழிக்குஞ்சு வளர்க்கும் ஒருவரிடம் ஒன்று கிடைத்தது. கொழும்பிலிருந்து புதிய இறக்கு நிலைமாற்றி ஒன்றையும் வருவித்து, அதனைத் தனியே அளந்து, 100 வோல்ற்றுக்குச் சற்று மேலே வருவதை உறுதிசெய்தோம். உருகிப் பிடியில் முறையான உருகியை வைத்தோம்.

முதன்முறை ஆளியைப் போட்டபோது குமிழ் கல்யாண வீட்டு விளக்குப்போல் எரிந்தது. நிறுத்தினோம். கருவியின் உள் நிலைமாற்றியிலிருந்து மின்வழங்கிப் பலகைக்குப் போகும் தொடுப்பைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டோம். குமிழ் மங்கிற்று. நிலைமாற்றி பிழைத்திருக்கின்றது! அது எரிந்திருந்தால் இக்கட்டுரை இவ்விடத்தில் முடிந்திருக்கும். ஏனையவற்றைக் கடையில் வாங்கலாம், அந்தச் சுற்றல் அளவுள்ள நிலைமாற்றியைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு.

நிலைமாற்றியிலிருந்து வரும் ஆடலோட்டத்தை நான்கு இருவாயிகள் பாலம்போல் நின்று ஒருதிசைப்படுத்தும். இருவாயி ஒருவழிக் கதவு. மானியின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி வைத்தபோது ஒரு கதவு இருபுறமுந் திறந்து கிடந்தது. அதுவே குறுஞ்சுற்று. கெட்டது ஒன்றேயாயினும் நான்கையும் மாற்றினோம். ஒரே இடியை நான்கும் வாங்கியவை. இந்நான்கும் சேர்ந்து ஐம்பது ரூபா ஆகவில்லை. பதினெட்டு ஆண்டு மௌனத்தின் விலை இதுதானா என்று அப்போது தோன்றிற்று. அதனைத் தொழில்நுட்பக் குறிப்பாக மட்டும் இங்கே எழுதமுடியாது.

குமிழ் இப்போது மின்னி மங்கிற்று. நினைவுப் பலகையைக் கழற்றியபடியே வைத்து, ஒலிப்பலகையை மாத்திரம் இணைத்தோம். இக்கருவிக்கு மூன்று வகை வோல்ற்றளவு வேண்டும்: நேர் 15, மறை 15, நேர் 5. நேர் 15 சரி. 5 சரி. மறைப்பக்கத்தில் முள் 11இலேயே நின்று நடுங்கிற்று. ஒலிபெருக்கியில் “ம்ம்ம்” என்று ஓர் இரைச்சல்.

இவ்விரைச்சலுக்கு இரு காரணங்கள் இருக்கலாம். எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. நான்கு கதவுகளும் ஒழுங்காய் வேலைசெய்தால் ஒவ்வொரு சுற்றின் இரு பாதியும் மேலேறி, 100 குற்றலைகள் பிறக்கும். அவற்றை ஒப்பமாக்குவது கொள்ளளவி. ஆகவே இரைச்சல் 100 ஆயின் கொள்ளளவி வற்றியது எனலாம். யாம் இட்ட புதிய இருவாயிகளில் ஒன்றின் பற்றாசு சரியாகப் பிடியாவிடின் ஒரு பாதி விடுபட்டு 50 ஆகும். இரண்டும் ஒரே சுரம். தாயி மாத்திரம் வேறு. எமது காதோ அறுபதைத் தாண்டிய காது. ஏவோமானி அதிர்வெண் சொல்லாது.

மகள் கதவருகில் நின்றார். “பிள்ளை, இது எந்தக் கட்டை?” என்றோம்.

அவர் கண்ணைமூடிக் கேட்டார். “ஐஞ்சு கட்டைக்கு ஒரு நூல் மேலை, மாமா.”

“எந்தத் தாயி?”

அவர் தந்தையாரின் ஆர்மோனியத்தை இழுத்துவந்து, கீழ்த் தாயியில் ஐந்தாங் கட்டையைப் பிடித்து, தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் இருந்தார். “இதுதான். இதுக்குக் கீழ்த்தாயியிலை ஒண்டுமில்லை.”

மேனாட்டார் ஜி என்று குறிக்கும் அச்சுரம் அந்தத் தாயியில் 98 துடிப்பு. அதற்கு ஒரு நூல் மேலென்றால் 100. பேரன் தன் கைத்தொலைபேசியிலுள்ள அளவையிற் பார்த்து, “நூறேதான்!” என்று கூவினான். யாம் மகளை நிமிர்ந்து பார்த்தோம். இரும்புக் கேற்றைத் தட்டிக் கட்டை சொன்ன அதே காது. எங்கள் கல்லூரிக்கு 1920களில் அதிபராயிருந்த விபுலானந்த அடிகளார் விஞ்ஞானப் பட்டதாரி. மறைந்துபோன யாழை நரம்பளவும் கணக்குங் கொண்டு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலாகத் தந்தவர். இசையும் அளவையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை அக்காலத்தில் ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லுவார்கள். யாம் அதைப் பரீட்சைக்கு வராத செய்தியென்று விட்டுவிட்டோம்.

மறைப்பக்கக் கொள்ளளவியின் குறுக்கே ஆடல் வோல்ற்றளவை அளந்தபோது 4 வோல்ற்றுக் குற்றலை. நேர்ப்பக்கத்தில் அரை வோல்ற்றுக்குங் குறைவு. மின்னைத் துண்டித்து, தடையொன்றினூடே மிச்ச மின்னேற்றத்தை வடித்து, அதனைக் கழற்றினோம். அடியிற் பழுப்பு நிறக் கசிவு. மூக்கு முதல்நாளே சொன்னது உண்மைதான். பாரைக் குழம்பின்மீது பழிபோட்டது எம் தவறு. அதே கொள்ளளவும், தாங்கும் வோல்ற்றில் ஒரு படி உயர்வும் உள்ள புதியவற்றைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க நான்கு நாள் சென்றது. அந்நான்கு நாளும் பேரன் இருமுறை வந்து, “இப்ப ஒருக்காப் போட்டுப் பாக்கேலாதோ?” என்று கேட்டான். அவனுக்கு யாம் சொன்ன விடையை இங்கே எழுதவேண்டியதில்லை.

புதியவற்றைப் பொருத்தியபின் மூன்று வோல்ற்றளவுகளும் நேராக நின்றன. இரைச்சல் இல்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பத்து நிமிடத்துக்கொருமுறை குறித்தோம். முள் அசையவில்லை. ஆளியை நிறுத்தி, நினைவுப் பலகையை இணைத்து, பின்புறத்திலுள்ள நினைவுக்காப்பு ஆளி காக்கும் பக்கத்தில் இருக்கின்றதா என்று இருமுறை பார்த்து, குமிழையும் அகற்றினோம். மகள் அந்தக் கொப்பித்தாளை மடியில் வைத்திருந்தார்.

சிவப்பு எண்கள் எரிந்தன. அவர் பி வரிசையில் 4ஐயும் 1ஐயும் அழுத்தி, மாயாமாளவகௌளையிற் சரளிவரிசையைத் தொடங்கினார். ச ரி க ம ப என்று நாதசுரம் எழுந்தது. தைவதத்தில் ஓசையில்லை. நிடாதமும் மேற்சட்சமும் வந்தன. திரும்பி இறங்கும்போது வேறோரிடத்தில் பல் விழுந்தது. ஆறு குரல்களும் முறைவைத்துப் பேசும் கருவி அது. அவற்றுள் ஒன்று ஊமை. ஆனாற் பேசிய ஐந்தும் நண்பரின் குரல்களே. இரண்டு மழைகாலத்து உழைப்பு அழியாதிருந்தது.

நண்பரின் மனைவியார் சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து வாசற்படியில் நின்றார். சிறிது நேரங் கேட்டார். “சத்தத்தைக் கொஞ்சங் குறையுங்கோ, அயலிலை பிள்ளையள் படிக்குதுகள்” என்றார். மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாயாரைப் பார்த்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் இரவுதோறும் இதே வாக்கியம் இதே வாசற்படியிலிருந்து வருமாம். இருவருஞ் சிரித்தார்கள், பின்னர் தாயார் உள்ளே போய்விட்டார். தேநீர் வரச் சற்று நேரமாயிற்று.

யாம் அதற்குள் மிகுதி வேலையைப் பார்த்தோம். கசற்றுக்குரிய துளையிலிருந்து பேரனின் கணினிக்கு வயர் தொடுத்து, 128 தொனிகளையும் பதிந்தோம். கொதியெண்ணெயிற் கடுகு வெடிப்பது போன்ற ஓசைதான் கேட்கும். அவ்வோசைக்குள் எல்லாம் அடக்கம். கருவியே அதனை மறுபடி கேட்டுச் சரிபார்க்கும் வசதியும் உண்டு. இரு முறை பதிந்து இரு முறையுஞ் சரிபார்த்தோம். பின்னர் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பற்றாசுக்கோலைச் சூடாக்கி அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு, பழைய மின்கலத்தை எடுத்து, அவ்விடத்தில் ஒரு பிடியைப் பற்றவைத்துப் புதியதைச் செருகினோம். இனி மாற்றுபவருக்குப் பற்றாசு வேண்டியதில்லை. பின்புறத்தில் 100 வோல்ற்று என்று தமிழிலுஞ் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி ஒட்டினோம். செருகியையும் வெட்டி, இறக்கு நிலைமாற்றிக்கு மட்டுமே பொருந்தும் வேறு வடிவச் செருகியாக மாற்றினோம். எழுத்தை எவர் வாசிக்கப்போகின்றார்கள்?

விலைபேசியவருக்கு இல்லையென்று சொல்லியாயிற்று. மகள் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டுவருகின்றார். கோயில் மணி இருக்கின்றது. கப்பற் சங்கும் இருக்கின்றது. அதனை வாசித்தபோது பேரன் துறைமுகப் பக்கம் எட்டிப் பார்த்தான். பி வரிசையின் கடைசி எண்ணுக்கு நேரே மட்டும் தாளில் ஒன்றும் எழுதப்படவில்லை. அதனை அழுத்தினால் மிக மெல்லிய, மூச்சுப் போன்ற ஒரு தொனி வருகின்றது. “அப்பா இதை வாசிச்சு நான் கேட்டதில்லை, மாமா” என்றார் மகள். அவருடைய தாயாருக்கும் தெரியவில்லை. ஊமையான ஆறாங் குரலுக்குரிய சுற்று வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எழுதிக் கேட்டிருக்கின்றோம், வந்தவுடன் மறுபடி மூடியைத் திறக்கவேண்டும்.